சகலம்

ஆல்பின்தாஸ் இறந்த பதினாறாம் நாள்
எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில்
பாட்டு முடிந்ததும் வாக்குவாதம்.

களியக்காவிளைக்கு இந்தப் பக்கத்து ஆள்
உபதேசியார் றசல்ராஜ்.
அந்தப் பக்கம், பாறசாலையிலிருந்து,
என் கணவரின் பெரியப்பா மகன் சத்தியநேசன்.
ஒருவர் மடியில் தமிழ் வேதம்,
ஒருவர் மடியில் மலையாளம்.
நடுவில் மரச்சீனி, மிளகுச் சம்மந்தி, ஆறிய கட்டன்சாயா.
ரப்பர் ஷீட் காயும் வாடை எல்லாவற்றின் மேலும்.

கடவுள் கடைசியில்
என்ன செய்ய நினைக்கிறார்?

“தன்னுடைய மகிமை. அதுக்குத்தான் எல்லாம்.
மண்ணு குயவங்கிட்ட கணக்கு கேக்குமா?
ஒரு பானை விருந்துக்கு, ஒரு பானை குப்பைக்கு”
என்றார் றசல்ராஜ்.

“உடைக்கதுக்குன்னே வனையுத குயவன
நீரு எந்தச் சந்தையில கண்டீரு?”

பிறகு வசனங்கள் ஓடின.
தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு
ஒன்றைத் தேடிப்போன மேய்ப்பனை
சத்தியநேசன் கொண்டுவர,
வலப்பக்கம் இடப்பக்கம் என்று
ஆடுகளைப் பிரித்து நிறுத்தினார் றசல்ராஜ்.
சத்தியநேசன் ‘தெய்வம்’ என்றபோதெல்லாம்
‘தேவன்’ என்று திருத்தினார்.
அவர் காதுக்குத் தெய்வம் என்றால்
சுடலைமாடன் பக்கத்துச் சொல்.
பாறசாலைப் புத்தகத்தில் அச்சிலேயே இருக்கிறது
என்று விரல் வைத்துக் காட்டியும்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாரே தவிர
குனிந்து பார்க்கவில்லை.

“வாசல் இடுக்கம். கண்டுபிடிக்கவங்க கொஞ்சபேர்”
என்று சொன்னபோதும்
என்னைப் பார்க்கவில்லை.

இடுக்கமான வழிகளா?
என் தம்பிக்கு அத்தனையும் தெரியும்.
தோட்டத்து ஊடுவழி, கால்வாய்க் கரை,
கோழிகூடத் திரும்ப முடியாத சந்து.
ரேஷன் அரிசி மூன்று மூட்டை,
விளக்கணைத்த ஒரு பைக்.
தமிழ்நாட்டில் தூங்கிய ஊர் விழிக்குமுன்
கேரளத்தில் அரிசி வெந்துகொண்டிருக்கும்.
செக்போஸ்ட் உள்ள விசாலமான ரோட்டில்
அவன் ஏறியது ஒரே ஒரு நாள்,
சந்தெல்லாம் மழைவெள்ளம் நின்ற அன்று.
மீன் லாரி.
மனந்திரும்ப அவனுக்குக் கிடைத்தது
ஒரு பிரேக் சத்தத்தின் நீளம்.

கரண்ட் போயிற்று.
சத்தியநேசன் செல்போன் வெளிச்சத்தில்
அந்தக் கொரிந்திய நிருபத்துக்கு வந்தார்.
முடிவில் கடவுள்
சகலத்திலும் சகலமாக இருப்பார் என்பதற்கு.
“உமக்கதுல என்ன வார்த்த போட்டிருக்கு?”
றசல்ராஜ் பக்கம் புரட்டினார்.
“சகலம்.”
“எனக்கதிலயும் சகலம்தான்.”

இரண்டு அரசாங்கத்துக்கும் நடுவில்
அன்று ராத்திரி ஒத்துப்போனது
அந்த ஒரு சொல்.

“ஆனா அதுக்கு முன்னால உள்ளத வாசியும்,”
விடவில்லை றசல்ராஜ்.
“எல்லாத்தையும் காலுக்குக் கீழ கொண்டுவந்த பொறவுதான்
சகலம்.”

யாரும் என்னைக் கேட்கவில்லை.
வேதம் அறியாதவள் நான், சாயா கொடுக்க நின்றவள்.
ஆனால் காலுக்குக் கீழே என்றதும்
எனக்கு நினைவு வந்ததைச் சொன்னேன்.
ஒற்றை அறை. ஒற்றைப் பாய். நாங்கள் ஐந்து பேர்.
இடமில்லாமல் அவனை எங்கள்
காலடியில் குறுக்கே கிடத்துவாள் அம்மா.
உருண்டு உருண்டு, யார் மேலெல்லாமோ ஏறி,
விடியும்போது அவன் தலை
அம்மாவின் தலையணையில் இருக்கும்.
ஒருநாள்கூட அவள்
திரும்பக் கீழே இழுத்துப் போட்டதில்லை.

“அதுக்கு வசனம் உண்டா?” என்றார் றசல்ராஜ்.
இல்லை என்றேன்.

சத்தியநேசன் ஜெபித்து முடித்தார்.
ஆமென் சொன்னவர்களை எண்ணினேன்,
எண்ணக்கூடாதுதான்.
ஒன்று குறைந்தது.

ஸ்கூட்டர் வரைக்கும் போன றசல்ராஜ்
குடையை மறந்ததாகத் திரும்பி வந்தார்.
குடை அவர் கையிலேயே இருந்தது.
“அன்னைக்கு எத்தன மணி இருக்கும்?”
“நாலேகால்.”

“நாலேகாலா...
நான் அப்ப முழிச்சிதான் இருந்தேன்,”
என்றார். நின்றார்.
மழைக்குள் குடையை விரிக்காமலே போனார்.