பூஜ்யம்

கேத்தி பாலாடா, விடிகாலை நாலரை.
கழுவிய கேரட் மூட்டைகளின் ஈரம்
லாரிக்குப் பின்னால் சொட்டிக்கொண்டிருந்தது.
அரைமணியாக எஞ்சினை உறும விட்டிருந்தான் லிங்கன்.
"குளிர் விடணுமில்ல?"

"மூணு நிமிஷம் போதும்" என்றபடி ஏறினார்
ஆலோசகர் மெஹருன்னிசா.
கட்டணம் கிடையாது, அரசு கொடுக்கிறது
என்று போனில் மூன்று தடவை சொன்னவர்.
நான் நம்பவில்லை.
எங்கள் பக்கம் சும்மா வருவது மழை மட்டும்தான்,
அதுவும் மண்ணைச் சரித்துவிட்டுப் போகும்.

ஸ்டியரிங்குக்கு அடியில்
தீப்பெட்டியளவு ஒன்றைச் செருகினார்.
திரையில் எண்கள் நடுங்கின.

குன்னூர் தாண்டியதும் வழக்கம்போல்
லிங்கன் கை நியூட்ரலுக்குப் போனது.
டீசல் மிச்சம்.
நான் சொல்லிக்கொடுத்த சிக்கனம்.

"கியர்லயே இறக்குங்க.
ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை மட்டும் எடுங்க."

பர்லியாறுக்கு மேலே
எண் இறங்கி இறங்கி
பூஜ்யத்தில் நின்றது.
ஆறு டன் கேரட்
ஒரு சொட்டுக் குடிக்காமல் மலையிறங்குகிறது.
நியூட்ரலில்தான் குடித்துக்கொண்டிருந்ததாம்,
இத்தனை வருடமும்.

ஒன்பதாவது வளைவில்
யாரும் பேசவில்லை.
போன வைகாசியில் பிரேக் தீய்ந்து
இந்தச் சுவரில்தான் முட்டி நின்றான்.
டிரைவர் தப்பு என்று
சம்பளத்தில் நாலாயிரம் பிடித்தேன்.

மேட்டுப்பாளையம் மண்டியில்
மெஹருன்னிசா படிவம் நீட்டினார்:
டயர் காற்று, மைலேஜ்,
மிச்சம் லிட்டரில்.
கையெழுத்துப் போட்டேன்.

அந்த நாலாயிரத்துக்குக் கட்டம் இல்லை.
சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினேன்.
லிங்கன் எண்ணவில்லை.
முன்னால் பதினேழு லாரிகள்.
சாவியைத் திருப்பி
எஞ்சினை அணைத்தான்.