அரைப் பேர்

காகிதத்தில் அந்த மலைக்குப் பேர்
தரிசு, அரச காணி, நூற்றுப்பத்து ஏக்கர்.
நாங்கள் சொல்வது முப்பத்திரண்டாம் நம்பர்.
தேயிலை செத்துப் பதினெட்டு வருசம்,
மானாப்புல் ஏறிவிட்டது.
பண்டாரவளைப் பக்கத்துக் காற்று
அதைச் சீவிச் சீவிக் களைத்துப்போன இடம்.

தரிசென்றால் ஒன்றுமில்லை என்றுதானே?
காளிதாசனின் ஆறு ஆடும் அங்கேதான் மேய்ந்தன.
எங்கள் விறகு அங்கே.
காதலிக்கிறவர்களுக்கும் வேறு இடம் கிடையாது,
லயத்தில் சுவரென்பது ஒரு பலகை.
என் மூத்ததை, பேர் வைக்குமுன் போனவளை,
அங்கே ஒரு கருப்பந்தைல மரத்தடியில்
வைத்தோம்.

தனுக என்றொரு எஞ்சினியர் வந்தார்,
குருநாகல் பக்கம்.
சப்பாத்தைப் புல்லில் துடைத்துவிட்டுத்தான்
காம்பராவுக்குள் வந்து தேத்தண்ணி குடித்தார்.
மரம் நிழல் போடும், வெட்டவேண்டும் என்றார்.
அடியில் என்ன இருக்கிறதென்று சொன்னேன்.
என் சிங்களம் அந்த இடத்தில் உடைந்தது.
அவர் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மரம் விழுந்தது.
ஆனால் பதினாலாம் வரிசையில்
மூன்று பனல் வரவில்லை.
வரைபடத்தில் அந்த இடத்துக்குப்
'பாறை' என்று எழுதியிருந்தார்.

பிறகு சூரியனுக்கு லயம் கட்டினார்கள்.
வரிசை வரிசையாய், ஒரே சாய்வாய்.
பலகைக்குப் பலகை நம்பர், கொங்கிரீட் கால்,
இருபது வருசத்துக்கு எழுத்து.
எங்கள் தகரத்தின் மேல்
காற்றுக்குப் பயந்து கல் ஏற்றியிருக்கிறோம்.
கடிதம் வந்தால் தோட்டத்து ஒபிசுக்குத்தான்,
காம்பராவுக்கு முகவரி இல்லை.
ஏழு பேர்ச்சஸ் கேட்டு என் புருசன் சதானந்தம்
கொடுத்த மனு
மூன்று அரசாங்கத்தைப் பார்த்துவிட்டது.

திட்டுவதற்காகச் சொல்லவில்லை.
கரண்டு வேண்டாமென்று சொல்ல நான் யார்,
மண்ணெண்ணெய்ப் புகையில்
மூக்கு கறுக்கப் படித்தவள்.
இப்போது அங்கேதான் கண்ணாடி கழுவுகிறேன்.
எட்டுப் பெண்கள், ஒரு பவுசர், நீளக்கம்புத் துடைப்பம்.
அட்டைக்கடி இல்லை, முதுகில் கூடை இல்லை.
உச்சந்தலையில் கயிறு தேய்த்த தடம் மட்டும்
வெயில் பட்டால் இன்னும் அரிக்கிறது.

சாயங்காலம் பெட்டியில் கணக்கு விழும்,
இத்தனை யூனிட் என்று.
எல்லாம் கம்பியேறிக் கீழே போய்விடும்.
தராசைப் பார்க்கிற கங்காணியின் முகத்தோடு
சுபவைசர் நிலாம்தீன் அதைப் பார்ப்பார்.
ஐப்பசியில் பத்து மணிக்கும் பனி விலகாது.
எண் பாதியில் நின்றுவிடும்.
"இன்றைக்குச் சூரியனுக்கும் அரைப் பேர்" என்றேன்.
வாளியைப் போட்டுவிட்டு எட்டுப் பேரும் சிரித்தோம்.
ராசம்மாவுக்குப் புரையேறியது.
நிலாம்தீனுக்கு விளங்கவில்லை.
கிலோ குறைந்தால் அரைச் சம்பளம்
என்று சொல்லிக்கொடுத்தோம்.
அதற்கேன் இவ்வளவு சிரிப்பு என்றார்.
அதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பகல் சாப்பாட்டுக்கு
மற்றவர்கள் பவுசர் நிழலுக்குப் போவார்கள்.
நான் பாறைக்குப் போவேன்.
ஒரு கல்கூட இல்லை அங்கே.
ரொட்டியும் கட்டச்சம்பலும், சுற்றிவர மானாப்புல்,
இரண்டு பக்கமும் கண்ணாடி
வானத்தைப் பிடித்துக்கொண்டிருக்க
மூன்று பனல் அகலத்துக்கு மட்டும்
வெயில் சும்மா மண்ணில் விழும்,
நிறுக்க ஆளில்லாமல்.

வெட்டிய அடிக்கட்டை துளிர்த்திருக்கிறது.
நிழல் தட்டுமுன் கிள்ளிவிடச் சொன்னார்கள்,
கொழுந்து கிள்ளிய கைதானே என்று.
சரியென்றேன்.
இப்போது என் முழங்கால் உயரம்.
இலையைக் கசக்கினால் தைல வாசம்.

நாளைக்குப் பார்க்கலாம்.