எடை அறை, இரவு முறை

மிஷ்கோல்ஸ் நகரத்துக்கு வெளியே
பேட்டரி ஆலையின் எடை அறையில்
போர்பாலா கரியை நிறுக்கிறாள்.

கரி என்றால் அடுப்புக்கரி இல்லை.
ஒரு மயிரிழையை நீளவாக்கில்
பல்லாயிரமாக வகிர்ந்தால் கிடைக்கும் மெலிவில்
உள்ளீடற்ற குழல்கள்.
பையைத் திறந்தால் புகை போல எழும்,
மூடினாலும் கொஞ்சம் எழும்.

முந்நூறு லிட்டர் குழம்புக்கு இவ்வளவு போதும்:
ஒரு தலையணை அளவு,
ஒரு பூனைக்குட்டியின் எடை.
முன்பு இதைப்போல் ஆறு மடங்கு கொட்டினோம்
என்கிறான் கலவைக்கார ஃபெரென்ஸ்.
இப்போது மின்சாரம் குழல்விட்டுக் குழல் தாவுகிறது,
காபி ஆறுவதற்குள் கார் நிரம்பிவிடுகிறது,
மூன்றாவது கூடம் எழும்புகிறது.
சம்பளம் ஏறியது, அதுவும் உண்மை.

சுவரில் ஒட்டிய பாதுகாப்புத் தாளில்
எட்டாவது கட்டம்: சுவாசிக்கத் தக்க உச்ச அளவு.
எதிரே,
நிர்ணயிக்கப்படவில்லை.
இம்மி பிசகாமல் நிறுக்கச் சொன்னவர்கள்
இம்மிக்கும் கீழே போனதும்
கையை விரித்துவிட்டார்கள்.

சங்கத்து ஈல்திகோ விடாமல் எழுதியதில்
பிப்ரவரியில் ஒருவர் வந்தார், எண்ணும் கருவியோடு.
எடை அறை: கனசென்டிமீட்டருக்கு ஒன்பதாயிரம் துகள்.
ஃபோர்க்லிஃப்ட் போகும் வழி: இருபதாயிரம்.
உணவுக்கூடத்தில், லாங்கோஷ் பொரிகிற சட்டியருகே
எண் ஏறியது, ஏறியது,
இரண்டு லட்சம்!
எல்லோரும் சிரித்தார்கள். சமையல்கார யோலான்
கரண்டியை உயர்த்திச் சரணடைந்தாள்.
கருவிக்காரரும் சிரித்தார், பிறகு சொன்னார்:
"இது எத்தனை என்று சொல்லும்.
எது என்று சொல்லாது."

போர்பாலா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
எண்ணெயை அவளுக்குத் தெரியும்.
நாற்பது வருடமாகத் தின்கிறாள்,
அதோடு அவளுக்கு ஒரு கணக்கு உண்டு.

காலை ஆறு மணி.
கையுறை, முகமூடி, அங்கி
மூன்றையும் மூன்று தொட்டியில் போட்டு
குளித்து, மறுபடி குளித்து
பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறாள். பனி.
வெள்ளைக் கைக்குட்டை எடுத்து மூக்கைச் சிந்துகிறாள்.
விரித்துப் பார்க்கிறாள். தினமும் பார்க்கிறாள்.
இன்று வெள்ளை.
கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு
வெள்ளை என்ன சாட்சி?
அவளுக்கும் தெரியும்.
மடித்து வைக்கிறாள்.

மின்சாரப் பேருந்து வருகிறது,
சத்தமே இல்லாமல்.
இவ்வளவு பக்கத்தில் வந்த பிறகுதான்
தெரிகிறது.