நாலங்குலப் பிணைச்சல்

மன்னார் பஸ் இறக்கிவிட்டபோது
புறக்கோட்டை இன்னும் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தது.
நாட்டாமிகள் தங்கள் வண்டில்களுக்குள் உறக்கம்.
பூட்டிய ஷட்டரில் முதுகு சாய்த்து
ஒருத்தி அன்னாசியின் கண்களைத் தோண்டினாள்,
ஒன்றையும் விடாமல்.

சட்டைப்பையில் தச்சன் ஞானப்பிரகாசம் எழுதித் தந்த துண்டு:
பிணைச்சல், நாலங்குலம், ஆறு.
பித்தளை வேண்டாம், கட்டாது.
மெல்லிசைத் தலையில் கட்டுவாங்கள், கவனம்.

கடை திறக்க ஒன்பதாகும்.
தோஹாவிலிருந்து மச்சாள் போட்ட காசை எடுக்கலாமென்று
கோட்டைப் பக்கம் நடந்தேன்.

பிரிஸ்டல் வீதியில்
ஒரு வங்கியின் வயிற்றுக்குள் வாசலொன்று.
ஒல்லாந்தர் கட்டியதாம்.
கோட்டை போய்விட்டது. மதில் போய்விட்டது.
வாசல் மட்டும் நிற்கிறது,
பந்தல் பிரித்த பிறகும்
பன்னீர்ச் செம்போடு நிற்கிற ஆளைப்போல.

பக்கத்தில் ஏடிஎம் வரிசை.
ஹெல்மெட் கழற்றாத டெலிவரிப் பொடியன்
அந்தக் கல்லில் ஒரு கால் ஊன்றி ஃபோனைத் தடவுகிறான்.
முதுகுப்பெட்டிக்குள் யாருடையவோ இடியப்பம்
வேர்த்துக்கொண்டிருக்கிறது.

தச்சனோடு கூடித் திரிந்தவன் நான்.
வாசலைக் கண்டால் கண் பிணைச்சலைத்தான் தேடும்.
இங்கே ஒரு குழி.
இரும்பு செருகிய இடமாயிருக்கலாம்,
மழை தின்றதாயும் இருக்கலாம்.
விரல் விட்டேன், முழுதாய்ப் போனது.
எவ்வளவு தடித்த கதவு போட்டிருப்பான்!
யாருக்கு இவ்வளவு பயந்தான்?

"மஹத்தயா..."
விரலை எடுத்தேன்.
கதவில்லாத வாசலுக்குக் காவலாளி,
பெயர்ப்பட்டியில் தர்மதிலக.
கதவுச் சாமான் வாங்க வந்தேன் என்றேன்
என் ஒடிந்த சிங்களத்தில்.
வாசலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
"மேகடத?"
இதற்கா என்று கேட்டுத் தானே சிரித்துவிட்டார்.
நானும் சிரித்தேன், கொஞ்சம் பிந்தி.

எங்கள் வாசலுக்கும் நிலை இருக்கிறது.
வீட்டுத்திட்டக் காசு நிலையோடு முடிந்தது.
பதினொரு வருசமாய் ஒரு சேலை தொங்குகிறது,
சோளகம் எழும்பினால்
அடுப்படிவரை ஊருக்குக் காட்டும்.
பார்க்க வருகிறவர்களுக்கு அங்கே பலகையுமில்லை,
"தொடாதே" என்று சொல்ல ஆளுமில்லை.
மகள் உடுப்பு மாற்றப் பக்கத்து வீட்டுக்குப் போகிறாள்.
முன்வாசலுக்கு மூன்று,
அவளுடைய அறைக்கு மூன்று.

திரும்பி வரும்போது தெரு நிறைந்திருந்தது.
எதை எடுத்தாலும் நூறென்று ஒலிபெருக்கி,
தரையில் சாவி கொடுத்த குரங்குகள்,
மூட்டைக்குக் கீழே ஒரு மனிதன் "வழி, வழி" என்று போகிறான்.
வழி இல்லை. ஆனாலும் போனான்.

பழைய சோனகத் தெருவில் ஹில்மி நானா
பிணைச்சலை என் காதருகே
திறந்து மூடிக் காட்டினார்.
"சத்தமே வராது, பாருங்க."
சத்தம் வருகிறது இருந்தால் தாங்கோ, என்றேன்.
கதவு இருக்கிறதென்று
வீட்டுக்குக் கேட்கவேணும்.

துணியால் கையைத் துடைத்தபடி
ஒரு கணம் என்னைப் பார்த்தார்.
"அது விலை குறைவு" என்றார்.