இடப்பக்கப் பெட்டி

விழுந்த வண்டிகளைத் திரும்பக் கொண்டுவருவது
என் வேலை.
ஹோரோக் கடைத்தெருவில் மமத்ரிசோவின் வாடகைக் கடை.
புது பூட்ஸ் கறுமுறுவென்று ஓசையிட
வாடிக்கையாளர்கள் வருவார்கள்.
சிலர் ஜீப்பில் திரும்புவார்கள்,
ஒரு கையைக் கழுத்தோடு கட்டிக்கொண்டு.
அப்புறம் நான் புறப்படுவேன்:
மாற்றுச்சாவி, ஸ்பானர் பை, நான்கு ரொட்டி.

இந்த முறை பார்தாங் பள்ளத்தாக்கு.
அங்கே பாதை உண்டு என்கிறது வரைபடம்.
ஆறு அதை ஒப்புக்கொள்ளவில்லை.
பாதி தூரம் லாரி, மீதி நடை.
மூன்றாம் நாள்
நுக்ராவின் ஆட்டுப்பட்டியில் நின்றுகொண்டிருந்தது,
இருநூற்றைம்பது கிலோ,
ஹேண்டில்பாரில் குழந்தையின் கால்சட்டை காய.

எந்த வண்டியையும் முதலில் படித்துப் பார்ப்பேன்.
வலது பெட்டியில் நீளமான சாம்பல் கீறல்:
சரளையில் முன்பிரேக்கை அழுத்தியிருக்கிறார்.
சக்கர வளையத்தில் ஒரு சொட்டை:
அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார்.
கண் போகிற இடத்துக்கு வண்டி போகும்,
பள்ளத்தைப் பார்த்தால் பள்ளம்தான்.
சொல்லித்தான் அனுப்புகிறோம்.
எல்லோரும் தலையாட்டுவார்கள்.

இடது பெட்டியின் மூடியைத் தூக்கினேன்.
உள்ளே கோழி.
அலுவலகம் மூடியபின் வந்தவனைப் பார்க்கும் குமாஸ்தாபோல
என்னைப் பார்த்தது.

'பதினோரு முட்டை,' என்றாள் நுக்ரா,
'இன்னும் ஒன்பது நாள்.'
பெட்டி கடையுடையது என்றேன்.
கோழி தன்னுடையது என்றாள்.
வெண்ணெயும் உப்பும் போட்ட தேநீர் வந்தது,
அதில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டபடி
ஒரு மணி நேரம் பேசினோம்.
ஒரு பக்கம் மட்டும் பெட்டி இருந்தால்
வண்டி சாய்ந்துவிடும், அக்கா.
'இரண்டு பக்கமும் இருந்தபோதுதானே
அந்த மனிதர் சாய்ந்தார்?'

பதில் இல்லை என்னிடம்.
கூரையில் காய்ந்த ஆப்ரிகாட்டைச் சாக்கில் அள்ளினாள்.
வலது பெட்டியை ஒரு கையில் தூக்கி,
சாக்கை மறு கையில் தூக்கி,
இரண்டு பிடி சேர்த்தாள்.
யோசித்து, ஒரு பிடி திரும்ப எடுத்துக்கொண்டாள்.

விடியுமுன் கிளம்பினேன்.
வெயில் ஏறினால் பனி கரையும்,
ஓடைகள் ஆளையே கேட்கும்.
டயரில் காற்றைக் குறைத்து, எழுந்து நின்று,
முழங்காலால் டேங்கை அணைத்து,
கைகளைத் தளர்த்தினேன்.
கல்லில் உதறுகிற முன்சக்கரத்தோடு வாதாடக் கூடாது.
அது தன் பாட்டுக்கு முடிவெடுக்கும்,
நாம் எங்கோ தூரத்தில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.
முதல் ஓடை முழங்கால் அளவு. கடந்தேன்.
இரண்டாவதில் நடுவே ஒரு நீலக்கல் கிடந்தது.
அழகான கல்.
பார்த்துவிட்டேன்.

இடப்பக்கமாக, அவசரமே இல்லாமல்,
ஒரு எருமை படுப்பதுபோலப் படுத்தது.

எஞ்சினை அணைத்துக் கியரில் போட்டேன்.
பாரமான வண்டியை முகம் பார்த்துத் தூக்கினால்
இடுப்பு போய்விடும்.
முதுகைக் கொடுத்துக் குந்த வேண்டும்,
பின்னோக்கி ஒவ்வோர் அடியாக நடக்க வேண்டும்.
நடந்தேன். எழவில்லை.
சாக்கு தண்ணீரைக் குடித்து ஊதிக்கிடந்தது.
அவிழ்த்துக் கரையில் வைத்து,
பக்கத்தில் உட்கார்ந்து
ஊறிய பழங்களைத் தின்றேன், கொட்டைகளை ஆற்றில் துப்பியபடி.
யாரும் பார்க்கவில்லை.
நெடுநேரம் யாருமே வரவில்லை என்பது
கொஞ்சம் பயமாகவும் இருந்தது.
அப்புறம் தூக்கினேன்.

மமத்ரிசோ விரலால் தடவித் தடவிக் கணக்கெடுத்தார்.
'பெட்டி?'
அடைகாக்கிறது.
ஒன்றும் பேசாமல்
நோட்டில் 'பத்தொன்பதாம் தேதி' என்று எழுதினார்.

என் விழுதலுக்கு மட்டும் கீறல் இல்லை,
மூட்டை தாங்கிக்கொண்டது.
ஆனால் நசுங்கிய பழம் எஞ்சினில் ஒட்டிக் கருகியிருக்கிறது.
சூடேறும்போதெல்லாம்
கடை முழுக்க வெல்லப்பாகு வாசனை.
அது என்னவென்று கேட்கிற வாடிக்கையாளருக்கு
டயர் காற்றைப் பற்றி
விரிவாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.