மாதிரி த.ம-4

இரவு இரண்டு பத்துக்குத்தான் அளக்கத் தொடங்குவோம்.
பகலில் முடியாது.
கலஹா வீதியில் ஒரு லொறி திரும்பினாலே
எங்கள் கருவி அதன் இரும்பை முகர்ந்துவிடும்.
பேராதனைச் சந்தியைத் தாண்டும் எண்ணெய் ரயில்
வரைபடத்தில் பொய்யாய் ஒரு மலையை
நட்டுவிட்டுப் போகும்.

திரவ நைட்ரஜன் கொழும்பிலிருந்து வருகிறது.
கடுகண்ணாவை ஏற்றத்தில் லொறிக்கு மூச்சு வாங்கும்போது
குடுவையும் மூச்சு விடுகிறது.
எங்களிடம் சேர்வது முக்கால்வாசி.
வழியில் ஆவியான காலுக்கும்
கம்பனிதான் காசு கட்டுகிறது,
ஒரு வார்த்தை கேட்காமல்.
அதையும் சொல்லியாக வேண்டும்.

ஒப்பந்தம் பதினொரு பக்கம்.
பேராசிரியர் நுவைரா தமிழில் ஒப்பமிட்டார்,
பீடாதிபதி சிங்களத்தில்.
கம்பனிக்காக வந்தவர் போட்டது
எந்த மொழியும் இல்லை, ஒரு சுழி.

ஆய்வு இவ்வளவுதான்:
கொழுந்தைச் சுருட்டும் ரோலர் தேய்கிறது.
தேய்ந்தது தூளுக்குள் போகிறது.
பட்டிக்கு மேலே தொங்கும் காந்தம்
கண்ணுக்குத் தெரிந்ததைப் பிடித்துக்கொள்ளும்.
தெரியாதது?

இருபது நானோமீட்டருக்குக் கீழே
இரும்பு ஒக்சைட்டுத் துகளால்
தன் வடக்கை வைத்திருக்க முடியாது.
அறையின் சூடே போதும்,
நொடிக்குக் கோடி தடவை புரட்டிப் போட்டுவிடும்.
காந்தம் அருகே வந்தால்
எல்லாம் ஒரே பக்கம் திரும்பும்.
விலகினால் ஒன்றுக்கும் ஞாபகம் இல்லை.
"இதை மனுசருக்கு உவமையாக்கி வைக்காதே"
என்றார் நுவைரா, என் குறிப்பேட்டை எட்டிப் பார்த்து.
நான் ஆக்கவில்லை.
குளிரில் மட்டும் அவை நிற்கும்.
அதற்குத்தான் நைட்ரஜன்.

மூன்று மாதம் தூளையே அளந்தோம்.
இரைச்சல். வெறும் இரைச்சல்.

நோர்வூட்டுக்கு மேலே
பனி இறங்கினால் புகைபோக்கி மட்டும் தெரியும் தொழிற்சாலை.
சல்லடை அறையில் தவமலர்,
நாலு மணிக்கொருதரம் காந்தத்தைத் துடைப்பவர்,
எங்கள் போத்தல்களைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:
"தூளத்தானே அள்ளுறீங்க. துணிய பாக்கலியா?
பெருங்கரி அலசினா போயிரும்.
இந்தச் சாம்பல் மட்டும்
நூலுக்குள்ள குந்திக்கிட்டு வரமாட்டேங்குது."

துணியை பிஸ்கட் டின்னில் போட்டு
போயா விடுமுறையன்று தானே ஜீப் ஓட்டி வந்தார்
பொறியியலாளர் லக்மால் எகொடகே.
வண்டியை நூறு மீட்டர் தள்ளி நிறுத்தினார்,
நாங்கள் சொல்லாமலே.

எழுபத்தேழு கெல்வினிலிருந்து மெல்லச் சூடாக்கினோம்.
கோடு ஏறியது.
நூற்றிப் பத்தில் ஒரு கூன்,
பிறகு சரிவு.
ரயில் இல்லை, லொறி இல்லை.
மறுபடி குளிர்வித்தோம்.
அதே கூன்.
மூன்றாம் தடவை லக்மால் நின்றபடியே சிரித்தார்,
சிரித்து முடிந்ததும் கதிரையில் உட்கார்ந்து
கம்பனி என்ன சொல்லும் என்று
சிங்களத்தில் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

கட்டுரையில் தவமலரின் பெயரைச் சேர்த்தேன்.
ஏழாம் பிரிவு அடித்துவிட்டது:
ஊழியர் எவரின் பெயரும் வெளியே போகக்கூடாது.
மாதிரிக் குப்பிகளின் பெயர்களைப் பற்றி
அந்தப் பிரிவில் ஒன்றும் இல்லை.
ஆகவே வரைபடத்தின் ஓரத்தில், சிவப்புக் கோட்டுக்கு எதிரே,
த.ம-4.
நாலாவது துணி.
கம்பனியில் யாரும் விளக்கம் கேட்கவில்லை.

போன வாரம் புதிய காந்தத்துக்கு இடம் அளக்கப் போனேன்.
பிளேன்டி தந்தார், சீனி தனியே கையில்.
"அப்போ அந்தச் சாம்பல்
இவ்வளவு காலமும் தேத்தண்ணியிலதான் போச்சா?"

முடிவுகளைக் கம்பனி பார்த்துத் தீர
தொண்ணூறு நாள். ஒன்பதாம் பிரிவு.
அன்றைக்கு நாற்பத்தொன்று.

"அளவு இன்னும் சரியா வரல்ல" என்றேன்.
அவர் என் முகத்தையே பார்த்தார்.
பார்த்துவிட்டு, மணி ஆகிவிட்டதென்று
துணியை எடுத்துக்கொண்டு போனார்.
கோப்பை சூடாக இருந்தது.
குடித்தேன்.