பிறந்த ஊர்: மோக்கா

குடியேற்ற அலுவலகத்தில்
படிவத்தை நிமிர்த்திப் பிடித்தார் அதிகாரி.
பிறந்த ஊர் என்ற கட்டத்தில்
மோக்கா என்று எழுதியிருந்தேன்.
“பானமா, பானையா?” என்றார்.
வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள்.

டூரினில் எல்லார் அடுப்பிலும்
என் ஊர்ப் பெயரில் ஓர் அலுமினியப் பானை.
எட்டுப் பட்டை, சிறுத்த இடுப்பு,
விடிந்தால் சீறும்.

செங்கடல் ஓரம், உப்பு அரித்த சுவர்களோடு
ஓர் ஊர் இருக்கிறது என்றேன்.
முத்திரை குத்தினார்.
நம்பித்தான் குத்தினாரா, தெரியாது.

வேலை எர்மெலிண்டாவின் கடையில்.
செம்புப் பாத்திரத்தில் சாக்லேட்
நாலு மணி நேரம் தணலில் கிடக்கும்.
மரக்கரண்டி நின்றால் அடி பிடிக்கும்.
சின்னக் கண்ணாடிக் குவளையில்
முதலில் அது.
பிறகு கரண்டியின் முதுகில் வழியவிட்ட காபி.
மேலே குளிர்ந்த பாலேடு,
நுரைக்க அடிக்காமல்
குலுக்கியே தடிக்க வைத்தது.
கறுப்பு, இன்னொரு கறுப்பு, வெள்ளை.
கலக்கக் கூடாது.
கலக்கக் கரண்டி கேட்பவரை
எர்மெலிண்டா பார்க்கிற பார்வையில்
பாலேடே திரிந்துவிடும்.

முன்னொரு காலத்தில் மூன்றும்
தனித்தனிக் கூசாவில் வருமாம்.
பாலும் காபியும் சிலருக்கு,
காபியும் சாக்லேட்டும் சிலருக்கு,
முடிவெடுக்கத் தெரியாதவர்களுக்கு
எல்லாத்திலும் கொஞ்சம்.
கடைசியில் ஜெயித்தது அவர்கள் கட்சி.
நோன்பு நாளிலும் குடித்தார்களாம்,
மெல்லாதது உணவில்லை என்று.
தேவனுக்கும் வயிற்றுக்கும் நடுவே
ஒரு குவளைச் சமாதானம்.

மார்ச்சில் ஒரு மழை நாள்.
கோட்டு நனைந்த பெண்ணொருத்தி
கதவைத் தள்ளி
“ஒரு மோக்கா” என்றாள்.
பெயர் சொல்லி அழைத்ததுபோல்
திரும்பிவிட்டேன்.

“இங்கே அந்தப் பெயரில் எதுவும் கிடையாது,”
என்றாள் எர்மெலிண்டா.
எனக்கு ஏனோ காது சுட்டது.

அங்கே மட்டும் என்ன இருந்தது?
மலையிலிருந்து ஒட்டகத்தில் வந்த கொட்டை
மூட்டை மூட்டையாய்க் கப்பலேறியது.
சாக்லேட் எங்கள் கரையில் இறங்கியதே இல்லை.
தூரத்தில் எவனோ ஒருவன் மிடறு விழுங்கி
இதில் சாக்லேட் வாசம் என்றிருப்பான்.
வாசம் வராத கொட்டையை வாங்கியவன்
சாக்லேட்டையே ஊற்றிக் கணக்கை நேர்செய்திருப்பான்.
இது என் ஊகம்தான்.
நாங்கள் கொட்டையை விற்றோம்,
தோலை இஞ்சியோடு கொதிக்கவிட்டுக் குடித்தோம்.
கிஷர் என்று பெயர். காபி நிறமே இருக்காது.

அன்று கடை சாத்தியபின்
மச்சான் அனுப்பிய தோலை
எர்மெலிண்டாவின் பானையில் திணித்தேன்.
அடைத்துக்கொண்டது.
விசில் இல்லை, சீறல் இல்லை,
பிறகு வால்வு வழியே
கூரைவரை ஒரு பீச்சல்.

அவள் சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
பானையில் மிஞ்சிய இரண்டு மிடறைக் குடித்தாள்.
“இதில் காபியே இல்லையே, முக்பில்.”
“இல்லை,” என்றேன்.
“புதுப் பானைக்குச் சம்பளத்தில் பிடிப்பேன்.”
“சரி.”
மறுபடி குவளையை நீட்டினாள்.

மேலே பார்த்தபடி நின்றோம்,
கூரையில் இஞ்சி மணக்கும் கறை.
தொட்டியில் அன்றைய நாற்பது குவளைகள்,
யாரும் கலக்காத மூன்றையும்
வெந்நீர் கலக்கிக்கொண்டிருந்தது.
அடியில் ஒட்டிய சாக்லேட்டை மட்டும்
விரல் விட்டுத்தான் எடுக்க வேண்டும்.